அழுகையின் நிலைக்களன்கள்: பெருந்தொற்றுக் கால மனநலச் சொல்லாடல் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என 2020 மார்ச் 11ஆம் நாள் அறிவித்தது. ஒரு வாரம் கழித்து, மார்ச் 18ஆம் நாள், மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அதற்கடுத்த ஏழாம் நாளே சுகாதார அமைச்சு மெர்சி மலேசியா அமைப்புடன் இணைந்து உளவியல் ஆதரவுத் தொலைபேசிச் சேவை ஒன்றைத் தொடங்கிவிட்டது. முடக்கத்தால் மக்கள் மனம் பாதிப்புறும் என்பதை அமைச்சு தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது என்பதற்கு இவ்விரைவு சான்றாகும். 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் அச்சேவைக்கு வந்த அழைப்புகள் ஓர் இலட்சத்தைத் தாண்டின. அவற்றுள் மிகப் பெரும்பான்மை மனநலம் தொடர்பானவை என அமைச்சே அறிவித்தது.

இவ்வழைப்புகளுக்கும், பொதுவில் மக்களின் மனத்துயருக்கும், அக்காலத்தில் எத்தகைய மறுமொழி கிடைத்தது என்பதே இக்கட்டுரையின் வினா. நாளிதழ்களின் மனநலப் பகுதிகள், வானொலி உரையாடல்கள், அரசு வெளியிட்ட சுவரொட்டிகள், சமய அமைப்புகளின் அறிக்கைகள் ஆகியவற்றை ஒருசேர நோக்குவார்க்கு ஒரு பொதுமை புலப்படும். மன உறுதியை வளர்த்துக் கொள்ளுங்கள், நேர்மறையாகச் சிந்தியுங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், செய்திகளைக் குறைவாகப் பாருங்கள் என்பனவே அவற்றில் மீண்டும் மீண்டும் வந்தன. இவை தவறான அறிவுரைகள் அல்ல. பதற்றமுற்ற ஒருவருக்கு மூச்சுப் பயிற்சி உடனடித் துணை என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்வறிவுரைகள் அனைத்தும் துயரின் இருப்பிடத்தைத் துயருறுவோரின் உள்ளத்திற்குள்ளேயே வைத்தன. துயரின் காரணத்தையும் அங்கேயே வைத்தன. முன்னது சரி, பின்னது பெரும்பாலும் பிழை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இதனை விளக்குவதற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் உள்ள ஒரு பகுப்பு துணையாகிறது. எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறும் தொல்காப்பியர் ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன்களை வகுக்கிறார். அழுகைக்கு அவர் கூறுவன இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. இளிவு என்பது பிறரால் இகழப்பட்டு எளியராதல். இழவு என்பது உற்றாரையோ உரியவற்றையோ இழத்தல். அசைவு என்பது பழைய நிலை கெட்டு வேறொரு நிலைக்கு ஆளாகி வருந்துதல். வறுமைக்குப் பொருளின்மை என்பதோடு, நுகர விரும்பியும் நுகரப் பெறாத உள்ளநிலை என்றும் உரை காண்பர். அழுகை உள்ளத்தில் தோன்றி உடலில் வெளிப்படுகிறது. அதன் நிலைக்களன்களோ பிறருடைய செயலிலும் உறவிலும் உடைமையிலும் காலமாற்றத்திலும் அமைந்துள்ளன. மனவலிமையின்மை என்ற ஒன்று அப்பட்டியலில் இல்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2020ஆம் ஆண்டில் இணையவழிக் கருத்தரங்குகள் பெருகியபோது, கைகூப்பி வணங்குதலே இடைவெளி பேணலின் தொன்மைச் சான்று, மஞ்சளும் வேம்பும் நம் முன்னோர் கண்ட கிருமிநாசினி என்றெல்லாம் கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. பழந்தமிழர் அனைத்தையும் முன்னரே அறிந்திருந்தனர் என்ற அவ்வகை வாதத்தில் இக்கட்டுரையாளருக்கு உடன்பாடில்லை. மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு உரிய இலக்கணம், மருத்துவ நூலன்று. துயரை நோக்கும் கோணம் ஒன்றே அதிலிருந்து இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

வெள்ளைக் கொடியும் இளிவும்

2021 ஜூன் 1ஆம் நாள் மலேசியாவில் முழு முடக்கம் மீண்டும் நடப்புக்கு வந்தது. அம்மாத இறுதியில், உணவின்றித் தவிக்கும் குடும்பங்கள் வீட்டின் முன் வெள்ளைக் கொடியைக் கட்டினால் அக்கம்பக்கத்தார் உதவுவர் என்ற அழைப்பு சமூக ஊடகங்களில் பரவியது. சில நாள்களிலேயே அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சன்னல்களிலும் தரைவீடுகளின் வேலிகளிலும் பழைய துணிகள் தொங்கின. அரிசியும் முட்டையும் ரொட்டியும் முன்பின் அறியாதவர்களால் கொண்டுவந்து வைக்கப்பட்டன. மலேசிய மக்களின் அண்மைக்கால வரலாற்றில் இது போற்றத்தக்க நிகழ்வு என்பது மிகையன்று.

கொடி கட்டுதல் என்பது மனநல அளவில் என்ன செயல் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. இரத்தலின் இழிவைத் தமிழ் அறநூல்கள் பேசியுள்ள அளவுக்கு வேறெதனையும் பேசியிருக்குமா என்பது ஐயம். கேட்பதற்கு முன்னரே உயிர் கூனிக் குறுகுவதாக உணரும் பண்பாட்டில் வளர்ந்த ஒருவர், தம் இல்லாமையைத் தெருவே காணுமாறு துணியால் அறிவிக்க வேண்டியிருந்தது. உதவி நாடும் வழியை இவ்வழைப்பு எளிதாக்கியது என்பது உண்மை. வாய்திறந்து கேட்க வேண்டியதில்லை, துணி பேசியது. அவ்வகையில் அது இளிவைக் குறைத்தது. எனினும் அத்துணியைக் கட்டுவதற்கு முந்தைய இரவு ஒவ்வொரு வீட்டிலும் எப்படிக் கழிந்திருக்கும் என்பது எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறவில்லை. அந்நேரத்தில் ஒரு மாநிலத்தின் மந்திரி பெசார் இதனை அரசியல் பரப்புரை என்றார். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், கொடியை உயர்த்துவதை விட இறைவனை நோக்கிக் கைகளை உயர்த்துமாறு அறிவுறுத்தினார். இறைவேண்டுதலை யாரும் மறுக்கவில்லை. ஆயினும் பசியை மனத்திட்பக் குறைவாக மாற்றிக் காட்டும் போக்கு இதனினும் தெளிவாக வெளிப்பட்ட இடம் அரிது.

அசைவு என்னும் நிலைக்களனுக்குப் புள்ளிவிவரமே உரை எழுதிவிடுகிறது. 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 580,000 எம்40 குடும்பங்கள் பி40 பிரிவுக்குச் சரிந்தன. 2019இல் 5.6 விழுக்காடாக இருந்த வறுமை விகிதம் 2020இல் 8.4 விழுக்காடாக உயர்ந்தது. 2020 மே மாதம் வேலையின்மை 5.3 விழுக்காட்டைத் தொட்டது. இவை பொருளாதாரப் பக்கங்களில் வெளிவந்த எண்கள். மனநலச் செய்திகள் வேறொரு பக்கத்தில், மன உறுதி பற்றிய அறிவுரையோடு வெளிவந்தன. நாளிதழின் இவ்விரு பக்கங்களையும் இணைத்துப் படிக்கும் பழக்கம் நமக்கு வரவில்லை.

இழவு: நிறைவுறாத சடங்குகள்

மலேசியாவில் 2020ஆம் ஆண்டு முடிவில் கோவிட்-19 நோயால் இறந்தோர் 471 பேர். அடுத்த ஓராண்டில் அவ்வெண்ணிக்கை 31,000ஐத் தாண்டியது. அதாவது பெரும்பான்மை இறப்புகள் தடுப்பூசி வந்துகொண்டிருந்த காலத்தில், குறிப்பாக 2021 ஜூலை முதல் செப்டம்பர் வரையில் நிகழ்ந்தன. ஆகஸ்ட் 26ஆம் நாள் மட்டும் 24,599 புதிய தொற்றுகள் பதிவாயின. மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் முன்னரே இறந்தோர் எனத் தனியே ஓர் எண்ணிக்கை நாள்தோறும் அறிவிக்கப்பட்டது. வீட்டிலேயே மூச்சுத் திணறி இறந்தவர்கள் அவர்கள். உடனிருந்து அதனைக் கண்டவர்கள் உண்டு. அவர்களைப் பற்றிய எண்ணிக்கை எதுவும் அறிவிக்கப்படவில்லை.

இறந்தவர் உடல் உறையிலிட்டு மூடப்பட்டது. நீராட்டுதல் இல்லை, வாய்க்கரிசி இல்லை, ஒப்பாரிக்கு ஆளில்லை. மின்சுடலைக்குச் செல்ல ஓரிருவருக்கே அனுமதி. நோயுற்ற குடும்பத்தார் தாங்களும் தடுத்து வைக்கப்பட்டிருந்த நேரங்களில் அந்த ஓரிருவரும் இல்லை. பதினாறாம் நாள் கருமக்கிரியையைத் திறன்பேசித் திரையில் கண்டோர் பலர். இக்கட்டுப்பாடுகளுக்கு மருத்துவக் காரணம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சடங்கு என்பதை வெறும் நம்பிக்கை என ஒதுக்கிவிட்டு, அதன் இழப்பை மனநலக் கேடாக எண்ணாமல் விட்டது சுகாதாரத் திட்டமிடலின் குறை. இறப்பு வீட்டில் ஊர் கூடுவது துயரைப் பகிரும் ஏற்பாடு. பெண்கள் தோள்சேர்ந்து அழும் ஒப்பாரியும், எட்டாம் நாள் படையலும், பதினாறாம் நாள் நீர்க்கடனும் துயருக்குக் காலவரை வகுப்பவை. இத்தனை நாள் அழலாம், பின்பு எழலாம் என்ற ஒழுங்கு அவற்றில் உண்டு. அவ்வொழுங்கு கலைந்தபோது துயர் தேங்கியது. முடக்கம் தளர்ந்த பின் விடுபட்ட சடங்குகளை நடத்துவதற்கு உள்ளூர்க் கோயில்களும் சுகாதார அலுவலகங்களும் இணைந்து ஒரு வழியை வகுத்திருக்க இயலும். அதற்குப் பெருஞ்செலவு ஆகியிராது. அவ்வாறான முயற்சி பரவலாக நிகழவில்லை.

தனிமை என்னும் சொல்

பெருந்தொற்று தமிழுக்குத் தந்த சொற்களைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். சமூக விலகல் என்ற தொடர் தீண்டாமையை நினைவூட்டுவதாகக் கண்டிக்கப்பட்டு, சமூக இடைவெளி, தனிமனித இடைவெளி, கூடல் இடைவெளி எனப் பல மாற்றுகள் முன்மொழியப்பட்டன. உலகச் சுகாதார நிறுவனமும் 2020 மார்ச்சிலேயே உடல்சார்ந்த இடைவெளி எனப் பொருள்படும் தொடருக்கு மாறியது. மக்கள் சமூக உறவை அறுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதே அம்மாற்றத்தின் நோக்கம். இவ்விவாதம் தேவையானதே. ஆனால் அதனினும் ஆழமான ஒரு சொற்சிக்கல் கவனிப்பாரற்றுப் போயிற்று.

நோய்த்தொற்று ஐயத்துக்குரியவரைக் குறிப்பிட்ட நாள்கள் தடுத்து வைத்தல் ஒன்று. நோயுற்றவரைப் பிறரிடமிருந்து பிரித்து வைத்தல் மற்றொன்று. மருத்துவத்தில் இவை இரு வேறு நடவடிக்கைகள். தமிழ் ஊடகங்கள் இரண்டையும் தனிமைப்படுத்தல் என்றே குறித்தன. தனிமையோ நெடுங்காலமாக மனநிலையைக் குறிக்கும் சொல். தனிமையில் வாடுதல், தனிமைத் துயர் என்ற வழக்குகள் நாம் அறிந்தவை. ஆகவே தனிமைப்படுத்தல் என்ற ஒரே சொல் நிருவாக ஆணையையும் மனத்துயரையும் சேர்த்தே சுமந்தது. ஒருவரைத் தனிமைப்படுத்தினோம் என்று அறிவிக்கும்போது அவருக்கு என்ன செய்தோம் என்பதைச் சொல் தானாகவே ஒப்புக்கொண்டுவிட்டது. அதனைக் கேட்டவர்கள் எவரும் திடுக்கிடவில்லை.

இச்சொல்லின் முழுப் பொருளையும் அனுபவித்தவர்கள் சிங்கப்பூரின் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அங்குத் தங்கும் விடுதிகளில் ஏறத்தாழ 323,000 பேர் வசித்தனர். தமிழகத்திலிருந்து சென்றவர்கள் அவர்களுள் கணிசமானோர். 2020 ஏப்ரல் 5ஆம் நாள் இரு விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. பின்னர் ஏனையவையும் அடைக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் வெளியான தகவலின்படி விடுதிவாசிகளுள் 47 விழுக்காட்டினர் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். உயிரிழப்போ மிகக் குறைவு. பரவலான பரிசோதனையும் மருத்துவக் கண்காணிப்பும் அங்கு இருந்தன. தொழிலாளர்கள் பெரும்பாலும் இளவயதினர் என்பதும் காரணம். நோய் மருத்துவத்தின் அளவுகோலில் இது வெற்றி. அதே வேளையில், பொதுமக்களுக்கான கடுமையான கட்டுப்பாடு 2020 ஜூன் 1ஆம் நாள் முடிந்த பின்னும் விடுதிவாசிகள் அடைபட்டே இருந்தனர். வெளியே செல்ல அனுமதிச்சீட்டுப் பெற வேண்டும் என்ற பொது விதி 2022 ஜூனில்தான் தளர்ந்தது. 2020 ஆகஸ்டில் விடுதிகளில் தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் நிகழ்வுகள் பற்றிய செய்திகள் வெளிவந்தன. அவ்வாண்டு நவம்பரில் மனிதவள அமைச்சு தொழிலாளர் மனநலத்திற்கெனப் புரோஜெக்ட் டான் என்னும் பணிக்குழுவை அமைத்தது. டான் என்றால் விடியல். ஏழு மாதம் கழித்து வந்த விடியல்.

இக்குழுவின் பணியைக் குறைத்து மதிப்பிடுதல் நம் நோக்கமன்று. தொழிலாளர்களின் தாய்மொழிகளில் ஆலோசனை வழங்கவும், சக தொழிலாளர்களுக்கே துணைசெய்யும் பயிற்சி அளிக்கவும் தன்னார்வ அமைப்புகளோடு சேர்ந்து முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. ஆனால் அத்துயரின் முதற்காரணம் அடைப்பு. கதவைத் திறப்பது மனநல ஆலோசகரின் அதிகாரத்திற்கு உட்பட்டதன்று. கதவைத் திறக்கும் அதிகாரம் உடையோர் அதனை மனநலக் கேள்வியாகக் கருதவில்லை.

ஆட்சியச்சமும் 309ஆம் பிரிவும்

மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்குக் கூறப்படும் நான்கு நிலைக்களன்களுள் தெய்வமும் விலங்கும் கள்வரும் இருப்பது வியப்பன்று. நான்காவதாகத் தம் அரசனே இடம்பெறுவது சிந்திக்கத்தக்கது. காக்க வேண்டியவனே அஞ்சத்தக்கவனாதலும் உண்டு என்ற தெளிவு அதில் உள்ளது.

மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தன்னுயிரை மாய்க்க முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதித்தது. இது 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழிவந்தது. அச்சட்டத்தை உருவாக்கிய பிரிட்டன் தன் நாட்டில் 1961லேயே இக்குற்றத்தை நீக்கிவிட்டது. இலங்கை 1998இல் நீக்கியது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் எனக் கொள்ள வேண்டும் என்று கூறிப் பழைய பிரிவைப் பெரிதும் செயலிழக்கச் செய்தது; 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அப்பிரிவு பழைய வடிவில் இடம்பெறவில்லை. சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1ஆம் நாள் நீக்கம் நடப்புக்கு வந்தது. ஆகப் பெருந்தொற்று பரவத் தொடங்கிய வேளையில் சிங்கப்பூர் இச்சுமையைக் கீழிறக்கி வைத்துவிட்டது. மலேசியா அதனைச் சுமந்துகொண்டே நோயை எதிர்கொண்டது. மக்களவை நீக்கச் சட்டமுன்வரைவை நிறைவேற்றிய நாள் 2023 மே 22.

அழையுங்கள், பேசுங்கள், தயங்காதீர்கள் எனச் சுகாதார அமைச்சு கூறிய மூன்றாண்டுகளிலும், அழைப்பவரின் செயலைக் குற்றம் எனக் கூறும் பிரிவு சட்டநூலில் இருந்தது. உதவி நாடுவோர் உண்மையைச் சொல்வாரா, வீட்டார் மருத்துவமனையில் உள்ளதைச் சொல்வாரா என்ற ஐயம் இயல்பாகவே எழும். நம் மொழியும் இதற்குத் துணைபோயிற்று. தற்கொலை என்ற சொல்லுக்குள்ளேயே கொலை இருக்கிறது. முயன்று தோற்றவரைத் தற்கொலை முயற்சியில் ஈடுபட்டவர் என எழுதும்போது வழிப்பறியில் ஈடுபட்டவர் என்பதன் தொனியே கேட்கிறது. சட்டம் மாறிவிட்டது. செய்தித்தாள்களின் தொடர் இன்னும் மாறவில்லை.

எண்களை எண்ணுதல்

காவல்துறையின் பதிவுப்படி மலேசியாவில் தன்னுயிர் மாய்த்தோர் 2019இல் 609 பேர். 2020இல் 631 பேர். 2021இல் 1,142 பேர். முடக்கம் எவ்வளவு உயிர்களைக் கொண்டது என்பதற்கு இவ்வெண்கள் மேடைதோறும் சான்றாக்கப்பட்டன. சற்று நிதானித்து நோக்குதல் வேண்டும். 2019ஆம் ஆண்டுக்கு உலகச் சுகாதார நிறுவனம் கணித்த விகிதம் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 6. அதனை மக்கள்தொகையோடு பெருக்கினால் காவல்துறை எண்ணைப் போல் மூன்று மடங்கு வருகிறது. அதாவது பெருந்தொற்றுக்கு முன்னரே பெரும்பான்மை இறப்புகள் இப்பெயரில் பதிவாகவில்லை. குற்றம் எனச் சட்டம் கூறும் ஒன்றைக் குடும்பம் மறைக்கும். காப்புறுதி, சமயச் சடங்கு, ஊர்ப்பேச்சு ஆகிய அனைத்தும் மறைக்கத் தூண்டும். 2007இல் தொடங்கிய தேசியத் தற்கொலைப் பதிவேடும் சில ஆண்டுகளிலேயே தேக்கமுற்றது. எனவே 2021இன் உயர்வில் எத்துணை உண்மையான உயர்வு, எத்துணை பதிவின் உயர்வு என்பதைப் பிரித்தறியும் கருவி நாட்டிடம் இல்லாமற்போயிற்று. இழப்பு சிறிது என்பது இதன் பொருளன்று. முன்னரும் பெரிதாக இருந்தது என்பதே பொருள்.

மனச்சோர்வு பற்றிய எண்களிலும் இவ்விழிப்பு வேண்டும். தேசியச் சுகாதார ஆய்வு 2015இல் பெரியவர்களுள் 29.2 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் என்றது, 2019இல் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு என்றது, 2023இல் 4.6 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் என்றது. முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் இடையே நாடு குணமடைந்துவிடவில்லை. வினாப்படிவமும் அளக்கப்படும் பொருளும் மாறின. 2019, 2023 ஆகியவற்றையே ஒப்பிட இயலும். நான்காண்டுகளில் இருமடங்கு என்பது அவ்வொப்பீடு தரும் முடிவு. உலகளவில் முதல் ஆண்டிலேயே மனச்சோர்வும் பதற்றமும் 25 விழுக்காடு உயர்ந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் தெரிவித்ததோடு சேர்த்து இதனை நோக்கலாம்.

சுமப்பவரைச் சுமப்பவர் யார்?

2021 ஜூலையில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நோயாளிகள் நாற்காலிகளிலும் தாழ்வாரத்திலும் கிடத்தப்பட்டிருந்த காட்சியை நாடே கண்டது. அம்மாதம் 26ஆம் நாள் ஒப்பந்த மருத்துவர்கள் பல மருத்துவமனைகளில் பணியிலிருந்து வெளிநடந்தனர். 2016 டிசம்பரில் தொடங்கிய ஒப்பந்த முறையின் கீழ் 23,000க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் நிலையான பணியுறுதியின்றி இருந்தனர். அவர்கள் தம் போராட்டத்திற்கு இட்ட பெயர் ஹர்த்தால். 1947 அக்டோபரில் மலாயா முழுவதும் நிகழ்ந்த கடையடைப்புக்கு இடப்பட்ட அதே இந்தியச் சொல்.

மருத்துவரின் மனச்சோர்வைப் பற்றிப் பேசும்போது முன்னணிப் பணியாளர், வீரர், தியாகி என்ற சொற்களே வந்தன. வீரருக்குச் சோர்வு வரலாகாது. வந்தால் அது வீரத்தின் குறை. நோயாளியிடம் மன உறுதியைக் கேட்ட அதே சொல்லாடல் மருத்துவரிடம் தியாகத்தைக் கேட்டது. இருவருக்கும் தேவைப்பட்டவை வேறு. மருத்துவர் கேட்டவை பணியுறுதியும் மேற்படிப்புக்கு வாய்ப்பும். இவற்றை மனநலக் கோரிக்கைகள் என எவரும் அழைக்கவில்லை. அடுத்த ஆண்டு தன் வேலை இருக்குமா என அறியாத ஒருவரிடம் ஓயாத இரவுப்பணியைச் சுமத்திவிட்டு, மன அழுத்த மேலாண்மைப் பட்டறைக்கு அவரை அழைப்பது எவ்வகை மருத்துவம்?

மனநலச் சேவைக்கென நாட்டில் நிதி ஒதுக்கீடு நெடுங்காலமாகச் சுகாதார வரவு செலவுத் திட்டத்தின் இரண்டு விழுக்காட்டிற்குள்ளேயே இருந்து வந்தது. 1911இல் தோன்றிய தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையின் ஊர்ப்பெயரே இன்றும் நம் மக்களிடையே ஏளனச் சொல்லாக வழங்குகிறது. பெயரை உலு கிந்தா பகாகியா, அதாவது மகிழ்ச்சி, என மாற்றியும் ஏளனம் நீங்கவில்லை. 2022இல் மனநலத்திற்கான தேசிய உன்னத மையம் அமைந்ததும், அவ்வாண்டு அக்டோபரில் 15555 என்ற எண்ணில் ஹீல் தொலைபேசிச் சேவை தொடங்கியதும் வரவேற்கத்தக்கன. எனினும் தொலைபேசி எண் ஒரு வாயில்தான். வாயிலைக் கடந்து உள்ளே செல்வோருக்கு எத்தனை மனநல மருத்துவர், எத்தனை வாரக் காத்திருப்பு என்பதே சேவையின் அளவு.

மருத்துவமனைக்கு வெளியே

மனநலக் கொள்கை மருத்துவமனைக்கு வெளியேயும் உருவாகிறது என்பதற்குத் தோட்டப்புறத் தமிழரின் வரலாற்றிலேயே சான்றுண்டு. மலேசிய இந்தியரிடையே தன்னுயிர் மாய்த்தல் ஏனைய இனத்தாரை விட மிகுதி என்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. உளநோய் மருத்துவர் தி. மணியம் கேமரன் மலைப்பகுதியைப் பற்றி 1988இல் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் குறிப்பிடத்தக்கது. விளைநிலங்களில் எளிதில் கிடைத்த நச்சு வேளாண் மருந்துகள் பல உயிர்களைக் கொண்டதை இத்தகைய ஆய்வுகள் வெளிக்கொணர்ந்தன. ஒரு கணத் துயர் மீளா முடிவாக மாறுவதற்கு அந்த எளிமையே காரணமாயிற்று. அத்தகைய மருந்துகளுள் ஒன்றான பாராகுவாட்டுக்கு மலேசியா 2020 ஜனவரி 1 முதல் முழுத்தடை விதித்தது. 2002இல் அறிவிக்கப்பட்டுப் பின்னர் தளர்த்தப்பட்ட தடை அது. இலங்கையில் கடும் நஞ்சுகள் தடைசெய்யப்பட்ட பின் உயிரிழப்பு பெரிதும் குறைந்தது என்பது உலகறிந்த செய்தி. வேளாண் துறையின் ஓர் ஆணை, ஒரு நாட்டின் மனநலத்திற்குப் பல ஆலோசனை நிலையங்கள் செய்ய முடியாததைச் செய்யக்கூடும். பெருந்தொற்றின் இரைச்சலில் அத்தடையை வாழ்த்தியோர் மிகச் சிலரே. வேலையிழப்புக் காப்பீடு, வாடகைத் தள்ளிவைப்பு, விடுதிக்கதவு, ஒப்பந்த மருத்துவரின் நியமனக் கடிதம் ஆகியவற்றையும் இவ்வரிசையில் வைத்தே நோக்க வேண்டும்.

வினாப்படிவத்தின் தமிழ்

இறுதியாகத் தமிழ்த்துறையினர் கைக்குள் அடங்கும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் ஒன்பது வினாப் படிவம், கடந்த இரண்டு வாரங்களில் எவ்வளவு முறை என வினவி, 27க்குள் ஒரு மதிப்பெண்ணைத் தருகிறது. தேசியச் சுகாதார ஆய்வும் இதனையே கையாண்டது. ஆர்வமின்மை, மனந்தளர்ச்சி ஆகியவை பற்றிய முதல் இரு வினாக்களே வாயில். சுருக்கப் படிவத்தில் அவை மட்டுமே உள்ளன. மலாயில் நெருக்கடியைத் தெக்கானான் என்றும் நோயாகிய சோர்வைக் கெமுருங்கான் என்றும் பிரித்துக் கூறும் வழக்கு நிலைபெற்றுவிட்டது. தமிழ் ஊடகங்களோ இரண்டையும் மன அழுத்தம் என்றே எழுதுகின்றன. தேர்வெழுதும் மாணவருக்கும் மன அழுத்தம். பல மாதம் படுக்கையை விட்டு எழாத தாய்க்கும் மன அழுத்தம். முன்னவருக்குக் கூறும் அறிவுரையே பின்னவருக்கும் கிடைப்பதில் வியப்பில்லை.

கிள்ளானிலோ சுங்கை சிப்புட்டிலோ அரசு கிளினிக்கில் அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டியிடம், மன அழுத்தம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். நெஞ்சு பாரமா இருக்கு, சோறு இறங்கல, கை கால் அசதி, ராத்திரி கண்ணு மூடல என்று சொல்வார். அவர் கூறுவனவற்றுள் பின்னைய மூன்றும் அதே படிவத்தின் பிற்பகுதியில் வெவ்வேறு சொற்களில் உள்ளவையே. வாயிலில் நின்றுவிட்டவருக்கு அவ்வினாக்கள் சென்று சேர்வதில்லை. முகக்கவரி அணிந்திருந்த காலத்தில் மெய்ப்பாட்டைக் கண்டறிய முகமும் இல்லை. தொலைபேசியில் உடலே இல்லை. சொல் ஒன்றே எஞ்சியது. ஆகவே மருத்துவத்துறையும் தமிழ்த்துறையும் ஒன்றாக அமர்ந்து, தோட்டப்புறத்திலும் நகர்ப்புற அடுக்குமாடியிலும் வாழும் தமிழர் துயரைக் கூறும் சொற்களைக் களத்தில் திரட்டி, படிவத்தின் ஒன்பது வினாக்களையும் அச்சொற்களில் அமைத்துச் சோதித்தறிதல் வேண்டும். கருமக்கிரியை செய்யப் பெறாத கணவரைப் பற்றிய பேச்சுக்கும், சன்னலில் கட்டிய துணியைப் பற்றிய பேச்சுக்கும் அப்படிவத்தில் ஓரிடம் ஒதுக்கலாம். முனைவர் பட்ட ஆய்வொன்றிற்கு இதனைவிடப் பயனுள்ள தலைப்பு இப்போது வேறு தென்படவில்லை.